டிரா போதும்

குட்டியானை லோடு வண்டியின் பின்பக்கத்தில், இரும்புத் தகட்டின் மேல் உட்கார்ந்து, ரேடியல் ரோட்டில் வெயிலோடு போனவர்கள் உங்களில் சிலராவது இருப்பீர்கள். கீழ்க்கட்டளை ஏரி வற்றினால் அதற்குள் இறங்கிப் பந்து உதைத்த கடைசி செட் நாம்தான். இப்போது ஏரியைச் சுற்றி வேலி இருக்கிறது, நடைபாதை இருக்கிறது, காலையில் கையில் வாட்சைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டு நடக்கிறவர்கள் இருக்கிறார்கள். நமக்கும் வயது முப்பதைத் தாண்டி, படியேறினால் முழங்காலில் சத்தம் கேட்கத் தொடங்கிவிட்டது. எனக்குப் பதினோரு வயதாக இருந்தபோது நடந்த ஒரு சீசனைப் பற்றி வரிசையாகச் சொல்லிவிட நினைக்கிறேன். வரிசைப்படுத்துவதுதான் என் தொழில். இந்த ஒரு விஷயம் மட்டும் இன்றுவரை வரிசைக்கு வந்ததில்லை.

கிளப்புக்கு ஒரு பெயர் இருந்தது. நாங்கள் ‘நம்ம டீம்’ என்றுதான் சொல்வோம். திருமுடிவாக்கம் பட்டறைகளில் வேலை செய்த பையன்கள், எங்கள் தெருப் பையன்கள், கடற்கரைப் பக்கத்துக் குப்பத்திலிருந்து வந்த இரண்டு மூன்று பேர், இவ்வளவுதான் டீம். முந்தைய வருடம் இரண்டாம் டிவிஷனில் எல்லோரையும் அடித்துவிட்டு முதல் டிவிஷனுக்கு ஏறியிருந்தார்கள். முதல் டிவிஷனில் கடைசியாக வருகிற டீம் மறுபடியும் கீழே இறங்க வேண்டும் என்று ஒரு விதி இருந்தது. சீசன் ஆரம்பத்தில் அந்த விதியை யாரும் பேசவே இல்லை. அது வேறு யாருக்கோ போட்ட விதி போல இருந்தது.

என் அண்ணன் அந்த டீமில் முன்வரிசையில் ஆடினான். அத்தாவுக்குத் திருமுடிவாக்கத்தில் கேட், கிரில் செய்கிற ஒரு சின்னப் பட்டறை. அண்ணன் அங்கே வேலை பழகக் கூடாது என்பதில் அத்தா உறுதியாக இருந்தார். வெல்டிங் பொறி பட்டுப் பட்டு அவருடைய முன்கைகள் முழுக்கப் புள்ளி விழுந்திருக்கும். “என் கையைப் பார்த்துட்டு எவனாவது தன் புள்ளைய இதுல விடுவானா?” என்பார். அதனால்தான் அந்த வருடம் நடந்த ஒரு விஷயம் எங்கள் வீட்டில் எல்லாவற்றையும் விடப் பெரிதாக இருந்தது. ஓர் அரசு அலுவலக டீமின் கோச் எங்களுடைய இரண்டாவது மேட்சைப் பார்க்க வந்தார். முடிந்ததும் அண்ணனைக் கூப்பிட்டு, “அடுத்த சீசன் டிரயலுக்கு உன்னைக் கூப்பிடுறேன்பா. ஆனா முதல் டிவிஷன் பசங்களை மட்டும்தான் நாங்க கூப்பிட முடியும், அது எங்க ரூல்” என்றார். டிரயலில் தேறினால் வேலை. ஸ்போர்ட்ஸ் கோட்டாவில், பென்ஷனோடு.

அன்றைக்கு அம்மா சேமியா பாயசம் காய்ச்சினாள். டிரயலே முடிந்துவிட்டது போல.

மேட்ச் நாட்களில் அத்தா பட்டறை வண்டியில் ஆட்களை ஏற்றுவார். வண்டியில் இரும்புத் தூளும் சிவப்பு பிரைமர் பெயின்ட்டும் கலந்த வாசனை அடிக்கும். வெயில் ஏறினால் தகடு சுடும். கோணிச் சாக்கை மடித்துப் போட்டு உட்காருவோம். காலிப் பெயின்ட் டப்பா ஒன்று எங்கள் மேளம், அதை அடிப்பது என் பொறுப்பு. கொடி, மாமா கடையில் மிஞ்சிய பச்சைத் திரைத்துணி. மாமா என்றால் அம்மாவின் தம்பி, பல்லாவரத்தில் ஜன்னல் திரைத்துணிக் கடை வைத்திருந்தவர். கொடி கொடுத்தாரே தவிர, அவருக்குப் பந்தாட்டம் புரியாது. எந்தப் பக்கம் எந்த டீம் என்பதே இடைவேளையில் மாறும்போது அவருக்குக் குழம்பிவிடும்.

பல்லாவரத்தில் டீக்கு வண்டி நிற்கும். அங்கேதான் அந்தப் பழக்கம். அத்தா டீயை ஆற்றிக்கொண்டே கேட்பார்: “இன்னிக்கு எது போதும்?” ஒவ்வொருவரும் தனக்கு எது போதும் என்று சொல்ல வேண்டும். சொன்ன பிறகு அதற்கு மேல் ஆசைப்படக் கூடாது. மேட்ச் முடிந்து திரும்பும்போது, சொன்னது கிடைத்தவன் முணுமுணுக்கக் கூடாது. அதிக ஆசையால்தான் மனுஷனுக்கு நெஞ்சு வலி வருகிறது என்பது அத்தாவின் கணக்கு.

முதல் மேட்ச் அன்று எல்லோரும், “மூணு கோல் போதும்” என்றார்கள். நான், “நாலு” என்றேன். சிரித்தார்கள்.

ஒருவர் மட்டும் அந்த ‘போதும்’ விளையாட்டுக்கு வரமாட்டார். கோல்கீப்பருடைய அம்மா. விடிகாலையில் மீன் வாங்கி, மேடவாக்கம் அபார்ட்மென்ட் வாசல்களில் விற்று முடித்து, காலிக் கூடையோடு வண்டியில் ஏறுவார். மீன் வாசனைக்கு யாராவது மூக்கைச் சுளித்தால், “இன்னா, உங்க வூட்ல கொழம்பு வெக்கும்போது மட்டும் மணக்குதா?” என்பார். அத்தா அவரிடமும் கேட்பார்.

“போதும்னு சொல்றதுக்கு நான் இன்னா சோறா துன்னுகினு கீறேன்? ஜெயிக்கணும் பாய். அவ்ளோதான்.”

“ஒரு அளவு வெச்சுக்கணும்மா.”

“அளவெல்லாம் மீனுக்கு. ஆட்டத்துக்கு இன்னா அளவு?”

முதல் மூன்று மேட்சில் இரண்டு தோல்வி. பல்லாவரம் டீக்கடையில் ‘மூணு கோல்’ போய், ‘ஜெயிச்சா போதும்’ வந்தது. அதன் பிறகு மழை வந்தது.

அந்த வருடம் மழை சீக்கிரமே வந்து, நிற்காமல் பெய்தது. ஏரி நிறைந்தது. தெருவே சந்தோஷப்பட்டது. அம்மா மோட்டார் போட்டுவிட்டு, குழாயில் தண்ணீர் வருவதைக் கையால் தொட்டுப் பார்த்தாள். தண்ணீர் லாரிக்காரர்கள் டீக்கடையில் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் டீம் பிராக்டிஸ் செய்த இடம் அந்த ஏரியின் அடி என்பது யாருக்கும் தோன்றவில்லை. எங்கள் கோச் சார் கரையில் குடையோடு நின்று, கோல் போஸ்ட்டின் மேல்கம்பு மட்டும் தண்ணீருக்கு வெளியே தெரிவதைப் பார்த்துக்கொண்டிருந்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது. அதன் மேல் ஒரு கொக்கு உட்கார்ந்திருந்தது.

அத்தா பட்டறை முற்றத்தைத் திறந்துவிட்டார். அடுக்கி வைத்த இரும்பு ஆங்கிள்களுக்கும் முடியாத கேட்டுகளுக்கும் நடுவில் பிராக்டிஸ் நடந்தது. ஓட இடமில்லை. பந்து பறந்தால் கிரில்லில் மாட்டிக்கொள்ளும். அண்ணனுடைய ஒரே சொத்து வேகம். அந்த முற்றத்தில் அவன் வேகத்தைக் கட்டி வைத்துவிட்டு, இரும்பு அடுக்கின் மூலையில் முதுகைக் கொடுத்து, யாரும் பந்தைப் பறிக்காமல் வைத்துக்கொள்ளப் பழகினான். நன்றாகவே பழகினான். “பார்த்தியா, எவ்ளோ முன்னேற்றம்” என்று அத்தா என்னிடம் காட்டினார். ஓடுகிறவனை நாங்கள் நிற்கப் பழக்கிக்கொண்டிருந்தோம் என்பது இப்போது தெரிகிறது. அப்போது அது புத்திசாலித்தனமாக இருந்தது.

டீக்கடையில் ‘டிரா போதும்’ வந்தது. அதற்கடுத்து, ‘அஞ்சு வாங்காம வந்தா போதும்’. ஒரு நாள் பட்டறை போர்மேன், “மேட்ச் நடந்தா போதும்” என்று சொல்ல, வண்டியே சிரித்தது. அத்தாவும் சிரித்தார். நம்புங்கள், அந்த மாதங்களில் நாங்கள் சோகமாக இல்லை. வாரா வாரம் குறைத்துக்கொண்டே வந்ததால் கேட்டது பெரும்பாலும் கிடைத்தது. ஒரு மேட்சில் நான்கு கோல் வாங்கித் தோற்றுவிட்டு மேளம் அடித்துக்கொண்டு திரும்பினோம். கோல்கீப்பரின் அம்மா மட்டும் கூடையைக் கவிழ்த்து அதன் மேல் உட்கார்ந்து, வழி முழுக்க எங்களைத் திட்டிக்கொண்டு வந்தார். “நாலு வாங்கினு வந்துட்டு டப்பா அடிக்கிதுங்க பாரு. வெக்கமா இல்ல?”

கடைசி மேட்ச் வந்தபோது நிலைமை இதுதான். எங்களுக்குக் கீழே ஒரே ஒரு டீம், வடசென்னையைச் சேர்ந்தது. எங்களைவிட ஒரு புள்ளி குறைவு. இரண்டு டீமுக்கும் கடைசி மேட்ச் ஒரே நேரத்தில், வேறு வேறு மைதானங்களில். அவர்கள் ஜெயிக்காவிட்டால், எங்களுக்கு டிரா போதும். அவர்கள் ஜெயித்துவிட்டால், நாங்களும் ஜெயித்தே ஆக வேண்டும். இல்லையென்றால் நாங்கள்தான் கீழே. கோச் சார் பட்டறைச் சுவரில் சாக்பீஸால் இதை எழுதிக் காட்டினார்.

ஆகவே அந்த மைதானத்துக்கு ஓர் ஆள் போய், அங்கே கோல் விழுந்தால் உடனே போனில் சொல்ல வேண்டும். டீமை நேசித்த எவனும் கடைசி மேட்சை விட்டுவிட்டுப் பாரிமுனைக்கு அந்தப் பக்கம் போகத் தயாராக இல்லை. அத்தாவுக்குத் தோன்றியது மாமாவின் பெயர்.

மாமாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் சொந்தத்தில் யாராவது மௌத் ஆகிவிட்டால், அந்தச் சாவுச் செய்தியைச் சொல்ல அவரைத்தான் அனுப்புவார்கள். போனில் சொல்ல மாட்டார். பைக்கில் நேரே போவார். வாசலில் செருப்பைக் கழற்றி, தண்ணீர் கேட்டு, “எல்லாரும் சாப்பிட்டாச்சா?” என்று விசாரிப்பார். சாப்பிடாதவர்களைச் சாப்பிடவைப்பார். “கொஞ்சம் உடம்பு முடியலையாம், கெளம்புங்க, நானும் வரேன்” என்பார். வழியில் மெல்ல மெல்ல விஷயம் தானாகவே தெரிந்துவிடும். அவரால் யாரும் நடுரோட்டில் மயங்கி விழுந்ததில்லை. ‘சேதி சொல்றதுக்கு அவன்தான்’ என்று பெரியவர்கள் எல்லோரும் சொல்வார்கள். அத்தாவும் அதையேதான் சொன்னார். அவரைவிட நம்பகமான ஆள் யார் இருக்கிறார்கள்?

“கோல் விழுந்தா ஒரு போன். அவ்ளோதான் மாப்ள.”

“அது என்ன பெரிய வேலை மச்சான். நீங்க கவலைய விடுங்க.”

எங்கள் மேட்ச் தாம்பரம் பக்கம் ஒரு காலேஜ் மைதானத்தில். மழை நின்று வாரங்கள் ஆகி, தரை காய்ந்து, புழுதி கிளம்பியது. பல்லாவரத்தில் அத்தா கேட்டபோது எல்லோரும் ஒரே பதில்: டிரா போதும். கோல்கீப்பரின் அம்மா மட்டும் அன்று மகனுடைய கையுறையை மடியில் வைத்துக்கொண்டு முருகனைக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்.

எதிர் டீம் பட்டியலின் நடுவில் இருந்த டீம். அவர்களுக்கு அந்த மேட்சால் லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. இடைவேளை வரை இங்கே கோல் இல்லை. மாமா போன் செய்தார். அங்கேயும் கோல் இல்லை. அண்ணன் வேலியருகே வந்து தண்ணீரை வாங்கித் தலையில் ஊற்றிக்கொண்டான். “நடக்குது அத்தா” என்றான். அவன் முகம் அப்படி இருந்ததை அதற்குப் பிறகு நான் பார்த்ததில்லை.

இரண்டாம் பாதியில் மறுபடியும் போன் அடித்தது. மைதானத்து இரைச்சலில் கேட்காது என்று அத்தா ஸ்பீக்கரில் போட்டார். பின்னால் மேளமும் பட்டாசும் கேட்டன.

“என்ன மாப்ள சத்தம்?”

“ரோட்டுல கல்யாண ஊர்வலம் போவுது மச்சான்.”

“கோல்?”

“இன்னும் ஒண்ணும் இல்ல. நீங்க நிம்மதியா ஆடச் சொல்லுங்க.”

அத்தா கோச் சாருக்குக் கட்டைவிரலைக் காட்டினார். கோச் சார் எல்லோரையும் பின்னால் இழுத்தார். அண்ணனையும். பந்து கிடைத்தால் வெளியே அடி, நேரத்தைக் கடத்து. நாங்கள் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று, “டிரா போதும்! டிரா போதும்!” என்று கத்தினோம். நான் அதற்கேற்ற தாளத்தில் டப்பாவை அடித்தேன்.

முடிய இன்னும் கொஞ்ச நேரம் இருந்தபோது எதிர் டீமின் பந்து ஒன்று வழுக்கி அண்ணன் காலுக்கு வந்தது. அவனுக்கு முன்னால் ஒருவரும் இல்லை. பாதி மைதானம் காலி. அவர்களுடைய கோல்கீப்பரும் வெளியே வந்து நின்றிருந்தான். அந்தச் சீசன் முழுக்க அவனுக்குக் கிடைக்காத இடம் அது. அவன் ஓடினான். வற்றிய ஏரிக்குள் ஓடுவது போல ஓடினான். அத்தா வேலியைப் பிடித்து உலுக்கிக்கொண்டு கத்தினார்: “மூலைக்குப் போ! மூலைக்குப் போடா!”

கோல்கீப்பரின் அம்மா பக்கத்திலிருந்து, “அட்றா! அட்றா ராஜா!” என்று கத்தியதும் எனக்குக் கேட்டது.

அண்ணன் ஒரு கணம் கோலைப் பார்த்தான். பிறகு திரும்பி, பந்தை மூலைக் கொடிக்குக் கொண்டுபோய், முதுகைக் கொடுத்து நின்றான். இரண்டு பேர் வந்து இடித்தும் பந்தை விடவில்லை. நாங்கள் கைதட்டினோம். அந்தச் சீசனிலேயே நாங்கள் அதிகமாகக் கைதட்டியது அதற்குத்தான்.

விசில் ஊதியதும் அத்தா வேலியைத் தாண்டிக் குதித்தார். அண்ணனைத் தோளில் தூக்கினார்கள். யாரோ சமோசா வாங்கிவந்தார்கள். அத்தா மாமாவுக்குப் போன் மேல் போன் போட்டார், எடுக்கவில்லை. “வண்டி ஓட்டிக்கிட்டு வருவான்” என்றார். டீம் புழுதியில் வட்டமாக உட்கார்ந்திருந்தது. போர்மேன், “அடுத்த வருஷம் கப்பு” என்றார். யாரும் அவரைக் கண்டிக்கவில்லை.

சமோசாக் காகிதங்கள் காற்றில் பறக்கத் தொடங்கியபோது மாமாவின் பைக் வந்தது. அவர் ஸ்டாண்டு போட்டார். ஹெல்மெட்டைக் கழற்றி ஹேண்டிலில் மாட்டினார். “கொஞ்சம் தண்ணி குடும்மா” என்று என்னிடம் கேட்டு, நிதானமாகக் குடித்தார். எல்லோரையும் ஒரு முறை பார்த்தார்.

“எல்லாரும் சாப்பிட்டாச்சா?”

அத்தா அப்படியே தரையில் உட்கார்ந்தார். அண்ணன் எழுந்து நின்றான். மற்றவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. எங்கள் குடும்பத்துக்கு மட்டும் புரிந்தது.

“எப்ப போட்டாங்க மாப்ள?”

“இடைவேளை முடிஞ்சு கொஞ்ச நேரத்துல, மச்சான். ஒண்ணுதான். அப்படியே ஜெயிச்சிட்டாங்க.”

“அப்ப அந்த ஊர்வலம்...”

“புள்ளைங்க ஆடிக்கிட்டிருக்கு. அந்த நேரத்துல சொல்லி மனசு ஒடிஞ்சிட்டா? ஆடி முடிக்கட்டும், நேர்ல போய்ப் பக்குவமா சொல்லிக்கலாம்னு...”

கோல்கீப்பரின் அம்மா கூடையைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். “யோவ், இன்னா மனுசன்யா நீ? சொல்லியிருந்தா அவன் கோல் அடிச்சிருப்பான்யா! மூலையில போய் நின்னானே, அந்த...”

அண்ணன் அவர் தோளைப் பிடித்துக்கொண்டான். “விடுங்கம்மா.” பிறகு மாமாவிடம், “நீங்க சொல்லியிருந்தாலும் ஒண்ணும் ஆயிருக்காது மாமா. எங்களுக்கு இன்னிக்கு கோல் வரல” என்றான்.

மாமா அவனையே பார்த்தார். “நீங்க தோக்கல இல்ல?”

“இல்ல மாமா. தோக்கல.”

“அப்ப சரி” என்றார் மாமா. அவர் முகத்தில் பெரிய நிம்மதி.

திரும்பும்போது டப்பா என் மடியில் சும்மா இருந்தது. அத்தா பல்லாவரத்தில் வண்டியை நிறுத்தவில்லை. அந்தக் கேள்வியை அதற்குப் பிறகு அவர் யாரிடமும் கேட்டதில்லை.

அந்த அரசு அலுவலக கோச்சிடமிருந்து எதுவும் வரவில்லை. அத்தா ஒரு முறை போய்ப் பார்த்துவிட்டு வந்தார். ரூல் என்றால் ரூல்தானாம். வேறு கிளப்புக்குப் போயிருக்கலாமே என்று உங்களுக்குத் தோன்றும். கோச் சார் நாலைந்து இடத்தில் கேட்டுப் பார்த்தார். இறங்கிய டீமின், கோல் அடிக்காத முன்வரிசை ஆட்டக்காரனை எவரும் கேட்கவில்லை. ரமலான் முடிந்த மறுவாரம் அண்ணன் திருமுடிவாக்கத்துக்குப் போக ஆரம்பித்தான். அத்தாதான் வெல்டிங் ஹெல்மெட்டைக் கண்ணாடியோடு அவன் தலையில் வைத்துச் சரிபார்த்தார். முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்ளச் சொன்னார்.

இதையெல்லாம் மாமாவிடம் ஒருவரும் சொல்லவில்லை. அவர் மனசு உடைந்துவிடும் என்று அம்மா கேட்டுக்கொண்டாள். டீம் இறங்கியது அவருக்குத் தெரியும்; அதற்கும் டிரயலுக்கும் உள்ள தொடர்பு தெரியாது. ஒரு நாள் பெரிய பையோடு வந்தார். பாரிமுனையில் வாங்கிய பூட்ஸ். கறுப்பு, அடியில் மஞ்சள் குமிழ்கள். “டிரயலுக்கு இதைப் போட்டுக்கிட்டுப் போ. பழசோட போய் நிக்காத” என்றார்.

அண்ணன் வாசல் படியில் உட்கார்ந்து போட்டான். குதிகால் உள்ளே போக நேரமாயிற்று.

“டைட்டா கீதா?” என்று எதிரே தண்ணீர் லாரியைத் துடைத்துக்கொண்டிருந்த டிரைவர் கேட்டார்.

“இல்லண்ணா. கரெக்டா இருக்கு.”

“எங்க, ஓடு பார்க்கலாம்” என்றார் மாமா.

அவன் தெருமுனை வரை ஓடித் திரும்பி வந்தான். மாமா கைதட்டினார். “தேதி வந்தா எனக்குச் சொல்லு. நானே பைக்ல கொண்டுபோய் விடறேன்.”

“சொல்றேன் மாமா.”

அவர் போன பிறகு நான் பூட்ஸைக் கழற்ற உதவினேன். இரண்டு குதிகாலிலும் தோல் உரிந்திருந்தது.

அதன் பிறகு வெள்ளிக்கிழமைகளில் தொழுகை முடிந்து எங்கள் வீட்டில் சாப்பிட வரும்போதெல்லாம் மாமா கேட்பார். “தேதி வந்துச்சா?” அண்ணன், “இன்னும் வரல மாமா” என்பான். “கவர்மென்ட் வேலைன்னா அப்படித்தான், நாள் ஆகும்” என்று மாமா அவனைத் தேற்றுவார். அத்தா தட்டைப் பார்த்துச் சாப்பிடுவார். அம்மா இன்னும் கொஞ்சம் சோறு போடுவாள். எனக்கு அது கொடுமையாக இருந்தது. அண்ணன் ஏன் ஒரே தடவையில் சொல்லி முடிக்கவில்லை என்று கோபம் வரும். நான் கவனிக்காமல் விட்டது ஒன்று உண்டு. அந்தப் பதிலைச் சொல்லும்போது மட்டும் அவன் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பான்.

ஒரு வெள்ளிக்கிழமை மாமா கேட்கவில்லை. டிரயல் இல்லை என்பதை அவரிடம் யார் சொன்னார்களோ, அவராகவே எதையாவது சேர்த்துப் பார்த்தாரோ, தெரியாது. சாப்பிட்டார். கடை வியாபாரம் பற்றிப் பேசினார். மழை வருமா என்று அத்தாவிடம் கேட்டார். அண்ணன் சாப்பிட்டு முடித்தும் எழுந்திருக்கவில்லை. கை காய்ந்துபோய், தட்டின் முன்னால் அப்படியே உட்கார்ந்திருந்தான். வெல்டிங் பொறி பட்ட முதல் புள்ளிகள் அவன் மணிக்கட்டில் தெரிந்தன. மாமா எழுந்து கை கழுவி, தொப்பியை மடித்துப் பைக்குள் வைத்து, வாசலுக்கு வந்தார். அண்ணன் பின்னாலேயே வந்தான்.

“மாமா, தேதி இன்னும் வரல.”

மாமா, “ஆங்” என்றார். அண்ணனைப் பார்க்காமல் குனிந்து செருப்பைத் தேடினார். செருப்பு அவர் காலுக்குப் பக்கத்திலேயே கிடந்தது.